நான்கு வயதுக் குழந்தையும் செஞ்சிக் கோட்டையும்

செஞ்சிக் கோட்டையைப் பற்றி எழுதியவர்களும் பேசியவர்களும் பலர். அதனை ஆண்ட நாயக்க மன்னர்களைப் பற்றியும், 1677 ஆம் ஆண்டில் அதனைக் கைப்பற்றிய சிவாஜியைப் பற்றியும், பின்னர் எட்டாண்டுக் காலம் நடந்த மொகலாய முற்றுகையைப் பற்றியும் அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவற்றை நோக்க மிகச் சிறியது. மூன்றேகால் அடி உயரமே உடையது. பாலர் வகுப்பில் இப்போதுதான் காலெடுத்து வைத்திருக்கிற, அல்லது அதுவும் இல்லாத, மூன்று நான்கு வயதுக் குழந்தை ஒன்றை விடுமுறையில் செஞ்சிக்கு அழைத்துச் செல்வது எப்படி என்பதே அப்பொருள்.

இதனை மாணவர்களிடம் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. குடும்பம் ஒன்று பயணம் புறப்பட்டால், வழியையும் செலவையும் தந்தை பார்த்துக்கொள்கிறார். கட்டுச்சோற்றையும் துணிமணிகளையும் தாய் கவனித்துக்கொள்கிறார். 'தம்பியைப் பார்த்துக்கொள்', 'பாப்பாவின் கையை விடாதே' என்னும் கட்டளை மட்டும் கல்லூரியில் படிக்கும் அக்காவுக்கோ, உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் அண்ணனுக்கோ வந்து சேருகிறது. குழந்தை களைத்துவிட்டது என்பது கையைப் பிடித்திருப்பவருக்குத்தானே முதலில் தெரியும்? ஆகவே உங்களிடம் பேசுவதே முறை.

குழந்தைகளுக்கென்றே கட்டப்பட்ட கோட்டைகளும் உலகில் உண்டு. அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பூங்கா ஒன்றில் தம் பெண்கள் குதிரை இராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, வால்ட் டிஸ்னி பக்கத்துப் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் தமக்கு உதித்தது என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அவ்வெண்ணத்தின் விளைவாக 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. அதன் நடுவே ஒரு கோட்டை நிற்கிறது. அதன் உயரம் 77 அடிதான். ஆயினும், மேலே போகப் போகக் கற்களைச் சிறியனவாக அமைத்து, வானளாவ நிற்பதுபோல் தோன்றச் செய்திருக்கிறார்கள். கண்ணை ஏமாற்றும் இந்தக் கலையில் தவறொன்றும் இல்லை. நம் நாட்டிலும் 1984 இல் டில்லியில் அப்பு கர், 1995 இல் சென்னைக்கு அருகே கிஷ்கிந்தா என்று கேளிக்கைப் பூங்காக்கள் தோன்றின. இத்தகைய பூங்காக்களில் பெரிய இராட்டினங்களின் வாயிலில் ஓர் அளவுகோலை நிறுத்தி வைத்திருப்பார்கள். அந்த உயரத்தை எட்டாத குழந்தையை ஏற விடமாட்டார்கள். நாம் செய்ய வேண்டிய யோசனையில் பாதியை அந்த அளவுகோலே செய்துவிடுகிறது.

செஞ்சியில் அத்தகைய அளவுகோல் இல்லை. இங்குள்ள கோட்டை யாரையும் மகிழ்விப்பதற்காகக் கட்டப்பட்டது அன்று. ஏறி வருகிறவனைக் களைக்கச் செய்ய வேண்டும், அவன் மூச்சு வாங்கி நிற்கும் இடத்தில் மேலிருந்து அவனைத் தாக்க வேண்டும் என்பதே இதைக் கட்டியவர்களின் நோக்கம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்து ஓடும் மதிலின் சுற்றளவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். வாயில்கள் நேருக்கு நேராக அமையவில்லை. ஒரு வாயிலைக் கடந்தவன் வளைந்து திரும்பித்தான் அடுத்ததைக் காண வேண்டும். யானைகளை ஓடவிட்டுக் கதவை இடிக்க முடியாதபடி செய்த ஏற்பாடு அது. ராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. உச்சிக்குச் சற்று முன்னே பாறை இரண்டாகப் பிளந்து, 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள ஒரு பள்ளம் வழியை மறிக்கிறது. முற்காலத்தில் அதன் மீது ஒரு மரப் பாலத்தை வைத்திருந்தார்கள். பகைவன் வந்தால் அதனை எடுத்துவிடுவார்கள். அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690 முதல் 1698 வரை இக்குன்றுகளைச் சுற்றிக் காத்துக் கிடந்தார் என்றால், அதற்கு இவையெல்லாம் காரணங்கள். ஆங்கிலேயர் இதனைக் கிழக்கின் டிராய் நகரம் என்று அழைத்ததும் இதனால்தான்.

இக்கோட்டையை நோக்கி வந்த படையெடுப்பாளர்களுள் மிகச் சிறியவர் நம் குழந்தை. அவருக்கு இது எப்படித் தோன்றும் என்று சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம்.

படி ஒன்றின் உயரம் எட்டு அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வயதுக் குழந்தையின் உயரம் சுமார் நூறு சென்டிமீட்டர். எட்டு அங்குலம் என்பது இருபது சென்டிமீட்டர். அதாவது, தன் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒவ்வொரு முறையும் அது எக்கி ஏற வேண்டியிருக்கிறது. ஐந்தரை அடி உயரமுள்ள நீங்கள் அதே விகிதத்தில் ஏறுவதானால் படியின் உயரம் பதின்மூன்று அங்குலம் இருக்க வேண்டும். அத்தகைய படிகளில் நூறு ஏறிப் பாருங்கள். குழந்தை ஏன் உட்கார்ந்துவிடுகிறது என்பது விளங்கும். மலைப் படிகளோ ஒரே அளவில் இருப்பதும் இல்லை. சில இடங்களில் முழங்கால் அளவுக்கு வரும். ஏறுவதைவிட இறங்குவது இன்னும் கடினம். பெரியவர்கள் பார்த்துப் பார்த்து அடி வைக்கும் இடத்தில், குழந்தை தன் காலடியைக் காணாமலே குதிக்கும்.

வெயிலின் கணக்கு வேறு. சிறிய உடலில் எடையை நோக்கத் தோலின் பரப்பு அதிகம். ஆகையால் வெளியிலுள்ள வெப்பம் குழந்தையின் உடலில் விரைவாக ஏறுகிறது. பெரியவர்களைப் போல் அதற்கு வியர்ப்பதும் இல்லை. விளையாட்டு நினைவில் தாகத்தைச் சொல்லவும் மறந்துவிடும். செஞ்சிக் குன்றுகளோ பாறையின் மேல் பாறை அடுக்கியவை. காலையில் குளிர்ந்திருக்கும் கல், பதினொரு மணிக்குள் அடுப்பேற்றிய தோசைக்கல் போல் ஆகிவிடும்.

செஞ்சியில் பல ஆண்டுகளாக வாழ்கிறேன். கோட்டைக்கு அடிக்கடி போய் வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், மே மாதத்தில் ஒரு முற்பகல், ராஜகிரியின் பாதி வழியில் ஒரு குடும்பத்தைக் கண்டேன். தந்தையின் தோளில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி. அவள் நெடுநேரம் அழுதிருக்க வேண்டும். கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. 'அப்பாடா, அழுகை நின்றது' என்று தந்தை மேலே காலெடுத்து வைத்தார். உடன் வந்த மூத்த பெண், கல்லூரி மாணவி போலும், தங்கையின் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். முகம் சிவந்து சூடாக இருந்தது. பெயர் சொல்லி அழைத்தும் குழந்தை பதில் சொல்லவில்லை. 'அப்பா, நான் இவளைத் தூக்கிக்கொண்டு கீழே போகிறேன். நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள்' என்றாள். 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே அம்மா, இன்னும் கொஞ்ச தூரந்தான்' என்றார் தந்தை. 'மலை எங்கேயும் போய்விடாது, அப்பா' என்று சொல்லிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். தந்தையும் ஒன்றும் பேசாமல் உடன் இறங்கினார். வாயிலின் நிழலில் படுக்க வைத்து, நனைந்த துண்டால் கழுத்தையும் கைகளையும் துடைத்துத் துடைத்து, தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பருகச் செய்தார்கள். கால் மணி நேரம் கழித்து அச்சிறுமி, 'குரங்கு எங்கே?' என்று கேட்ட பிறகே சுற்றி நின்ற எல்லாருக்கும் மூச்சு வந்தது. அதன்பின் அவளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். வெயிலில் அழும் குழந்தையைவிட அழுகையை விட்டுச் சோர்ந்து போன குழந்தையைப் பற்றியே அதிகம் அஞ்ச வேண்டும். அந்த மாணவிக்கு இது தெரிந்திருந்தது.

ஆகவே, நான்கு வயதுக் குழந்தையோடு செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரியின் உச்சியைத் திட்டத்திலிருந்து முதலிலேயே நீக்கிவிட வேண்டும் என்பது என் துணிபு. 'போய்ப் பார்ப்போம், முடிந்தால் ஏறுவோம்' என்பது திட்டம் ஆகாது. பாதி மலையில் நிற்பவனுக்கு மீதிப் பாதி எப்போதும் சிறியதாகத்தான் தோன்றும். உச்சியைக் காண விரும்பும் பெரியவர்கள் இரு குழுவாகப் பிரியலாம்; ஒரு குழு ஏறும்போது மற்றது கீழே குழந்தையோடு இருக்கட்டும். பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் மலையேற விடமாட்டார்கள். ஆதலால் ஏறுகிறவர்கள் காலையிலேயே தொடங்கிவிட வேண்டும். கிருஷ்ணகிரியை ஊரார் ராணிக் கோட்டை என்பார்கள். பெயரைக் கேட்டு எளியது என்று எண்ணிவிட வேண்டாம். அதுவும் செங்குத்தான குன்றுதான்.

அப்படியானால் குழந்தைக்குக் காண என்ன இருக்கிறது? ராஜகிரியின் அடிவாரத்துக் கீழ்க்கோட்டை இருக்கிறது. மலையேறும் அவசரத்தில் பெரும்பாலோர் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்து செல்லும் இடம் அது. சமதரை, புல்வெளி, ஆங்காங்கே மர நிழல். நடுவே கலியாண மகால், நான்கு பக்கமும் கூடங்கள் சூழ, சதுர முற்றத்தில் அடுக்கடுக்காக எழுந்து கூம்பி நிற்கிறது. அடுக்குகளை எண்ணச் சொன்னால் குழந்தை நான்கு வரை சரியாக எண்ணும். பிறகு ஏழுக்கோ பத்துக்கோ தாவும். அதனால் மகாலுக்கு நட்டம் இல்லை. அருகில் வரிசை வரிசையாக வளைவுகள் கொண்ட குதிரை லாயங்கள். ஒரு வளைவில் நுழைந்து மறு வளைவில் எட்டிப் பார்க்கும் விளையாட்டுக்கு இதைவிடச் சிறந்த இடத்தை எந்தப் பூங்காவிலும் நான் கண்டதில்லை. ஆனைக்குளம் என்னும் குளமும் உண்டு. யானை குளித்த இடம் என்று சொன்னால் போதும், மற்றதைக் குழந்தையே கற்பனை செய்துகொள்ளும். ஆனால் குளத்தருகே கையை இறுகப் பற்றியிருக்க வேண்டும்.

நெற்களஞ்சியத்தை மறந்துவிடாதீர்கள். கனத்த சுவர்களும், மேலே வளைந்த கூரையும், உள்ளே இருளும் குளிர்ச்சியுமாக இருக்கும். முற்றுகைக் காலத்தில் ஒரு படைக்கே சோறிட வேண்டிய களஞ்சியம் அல்லவா? என் பேரனை அழைத்துச் சென்றபோது, அவன் வாயிலில் தயங்கி நின்றான். நான் உள்ளே போய், 'அரிசி இருக்கிறதா?' என்று உரக்கக் கேட்டேன். சுவர் திருப்பிக் கேட்டது. அவ்வளவுதான்; அவன் உள்ளே ஓடி வந்து, தனக்குத் தெரிந்த பண்டங்களின் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூவினான். பருப்பு, முறுக்கு, பால், பலூன் என்று இருபது நிமிடம் நடந்தது அந்த உரையாடல். நான் பொறுமை இழந்து வெளியே பார்த்தபோது சுல்பிகர் கானின் நினைவு வந்தது. அவர் எட்டு ஆண்டுகள் காத்திருந்தார்.

கீழ்க்கோட்டையின் மறுபுறத்தில் வேங்கடரமணர் கோயில் இருக்கிறது, நாயக்கர் காலத்தது. அதன் பெரிய தூண்கள் பலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டு போனார்கள் என்பர். அங்கே கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் கற்றூண்கள் செஞ்சியினின்றும் சென்றவையே என்று சொல்லுவார்கள். கோயில் வாயிலின் உட்சுவரில் இராமாயணக் காட்சிகளும், பாற்கடல் கடைந்த கதையும் செதுக்கப்பட்டுள்ளன. தேவர் ஒரு பக்கம், அசுரர் ஒரு பக்கம் பாம்பைப் பிடித்து இழுக்கும் சிற்பத்தை, கயிறிழுக்கும் பந்தயம் கண்ட எந்தக் குழந்தையும் உடனே புரிந்துகொள்ளும். ஆனால் அது நம் கண்ணுக்கு உயரமான சுவர்; குழந்தையின் கண்ணுக்கு எட்டாதது. தூக்கிக் காட்ட வேண்டும். பொதுவாகவே, எதையாவது காட்டுமுன் ஒருமுறை குந்தி உட்கார்ந்து குழந்தையின் கண் மட்டத்திலிருந்து பாருங்கள். நீங்கள் வியக்கும் காட்சியின் இடத்தில் அதற்கு வெறுங்கல்லே தெரிவதைக் காண்பீர்கள்.

எந்தக் கதையைச் சொல்லுவது என்பதும் திட்டத்தில் அடங்கும். செஞ்சி என்றால் தேசிங்கு ராஜன் என்று தமிழ்நாட்டில் எல்லாரும் அறிவர். தந்தை சொரூப் சிங் மறைந்தபின் 1714 இன் தொடக்கத்தில் கோட்டையின் ஆட்சியை ஏற்று, அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது வீழ்ந்த இளைஞன். வீழ்ந்தபோது வயது இருபத்திரண்டு என்பர். அவன் மனைவி உடன்கட்டை ஏறிய செய்தியும், செட்டிகுளக் கரையில் சிதை மூட்டிய செய்தியும் உண்டு. இவை உங்கள் வயதுக்கு உரியன. நான்கு வயதுக்கு உரியன அல்ல. நாட்டுப்பாடலில் வரும் பாராசாரி என்னும் குதிரையின் கதை போதும். டில்லியில் யாரையும் தன் முதுகில் ஏறவிடாத முரட்டுக் குதிரை. அதனை அடக்கி ஏறிய செஞ்சிப் பிள்ளை. லாயத்தின் வளைவில் உட்கார்ந்து இதைச் சொல்லுங்கள். குழந்தை அந்த இடத்திலேயே குதிரையைக் காணும். சக்கரகுளத்தின் அருகே கைதிகளைத் தள்ளிப் பட்டினியிட்டதாகச் சொல்லப்படும் பாறைக் கிணறு ஒன்று உண்டு. அதனருகே குழந்தையைக் கொண்டு போகவே வேண்டாம். கதையும் வேண்டாம், ஆழமும் வேண்டாம்.

இனி, பயணத்துக்கான ஏற்பாடுகள். ஏப்ரல், மே மாதங்கள் கூடா. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை பெய்தால் பாறை வழுக்கும். தை, மாசி மாதங்களே தக்கவை. பொங்கல் விடுமுறையில் கூட்டம் மிகும் என்பதால் அதற்கு அடுத்த வாரம் வந்தால் நலம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியப் போர்க் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை. தமிழ்நாட்டில் உள்ள ஒன்று செஞ்சி. அதனால் வருவோர் தொகை பெருகுவது இயல்பே. கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. நுழைவுக் கட்டணம் உண்டு, பதினைந்து வயதுக்கு உட்பட்டோருக்கு இல்லை.

சென்னையிலிருந்து செஞ்சி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். புகைவண்டியில் வருவோர் திண்டிவனத்தில் இறங்கிப் பேருந்தில் மேற்கே 28 கிலோமீட்டர் வர வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார வைக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட நெறிமுறைகள் கூறுகின்றன. மூன்று நான்கு வயதில் நாளொன்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதும் அவற்றில் உள்ளது. முன்னிரவில் புறப்பட்டு, விடியலில் இறங்கி, அப்படியே கோட்டைக்கு ஓடும் திட்டம் இவ்விரண்டையும் ஒருங்கே கெடுத்துவிடும். முதல் நாள் மாலையே வந்து தங்கி, இரவு நன்றாக உறங்கச் செய்து, கோட்டை திறந்தவுடன் நுழைவதே நல்லது. பதினொன்றரைக்குள் வெளியே வந்துவிடுங்கள். உணவு, பகல் தூக்கம். வெயில் தாழ்ந்தபின் வேண்டுமானால் வேங்கடரமணர் கோயில். 'செஞ்சி வரை வந்துவிட்டோம், நாற்பது கிலோமீட்டரில் திருவண்ணாமலை, பக்கத்தில் மேல்மலையனூர், இரண்டையும் முடித்துவிடலாமே' என்று ஒரு பெரியவர் கட்டாயம் சொல்லுவார். அவருக்குப் பணிவோடு மறுமொழி சொல்லுங்கள். ஆனால் மறுத்தே சொல்லுங்கள்.

குரங்குகளைப் பற்றி ஒரு சொல். இக்கோட்டையை இன்று உண்மையில் ஆள்பவை அவைதாம். கையில் பிஸ்கோத்து வைத்திருக்கும் குழந்தையின் உயரமும் குரங்கின் துணிவும் நன்கு பொருந்திவிடுகின்றன; பிடுங்கும்போது நகம் படக்கூடும். தின்பண்டங்களைக் கோட்டைக்குள் வெளியே எடுக்கவே வேண்டாம். வயிறாரக் காலை உணவு கொடுத்து அழைத்து வாருங்கள். தண்ணீரை மட்டும் தாராளமாகக் கொண்டு வந்து, கேளாவிட்டாலும் அடிக்கடி கொடுங்கள். கழிப்பிடம் எங்கே என்பதை நுழையும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பளிச்சென்ற நிறத்தில் சட்டை, தலைக்குத் தொப்பி, கால்களில் வார் வைத்த செருப்பு. சட்டைப் பையில் தந்தையின் தொலைபேசி எண் எழுதிய ஒரு சீட்டு. 'காணாமல் போனால் இந்த வாயிலுக்கு வந்து நில்' என்று நான்கு வயதுக் குழந்தைக்குச் சொல்லிப் பயனில்லை. வாயில்கள் எல்லாம் அதற்கு ஒன்றுபோலவே இருக்கும். 'அசையாமல் நின்று அக்கா என்று கத்து' என்று சொல்லி, வீட்டிலேயே இரண்டு நாள் விளையாட்டாகப் பழக்கி வையுங்கள். இன்னொன்று: 'இதோ வந்துவிட்டது, இன்னும் கொஞ்ச தூரம்' என்று பொய் சொல்லி நடக்க வைக்காதீர்கள். ஒருமுறை ஏமாந்த குழந்தை அடுத்த முறை உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாது. அதன் பக்கம் நியாயமும் இருக்கும்.

ஊர் திரும்பிய மறுநாள் ஒரு தாளும் வண்ணக் குச்சிகளும் கொடுத்து, கண்டதை வரையச் சொல்லுங்கள். என் பேரனிடமும் கொடுத்தேன். பெரிய கதவு ஒன்று வரைந்தான். அதன் மேல் ஒரு குரங்கு. அதன் வால் தாளின் விளிம்பு வரை நீண்டது. கதவுக்குள்ளே வட்டம் வட்டமாக என்னவோ இருந்தது. அவை களஞ்சியத்தில் கூவிய முறுக்குகளாம். ராஜகிரியை மட்டும் காணவில்லை. 'மலை எங்கேயடா?' என்று கேட்டேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

'அது பெரிசு, தாத்தா. இந்தத் தாள் பத்தாது' என்றான்.